நத்தார் மரத்தில் டொபியும் ரிபனும்: மட்டக்களப்பு மழையில் எப்படி?

கேள்வி, வாழைச்சேனை வாசகி, நவம்பர் 29

கோவில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து நத்தார் ஒளிவிழாவுக்கு மரம் சோடிக்க வேண்டும். போனில் பார்க்கிற வீடியோக்களில் எல்லாம் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்த் தடியைத் தாள் இல்லாமல் வெறுமையாக ரிபனில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். போன வருடம் நாங்களும் அப்படித்தான் செய்தோம். அடுத்த நாளே பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது, அப்புறம் எறும்பு. நகப்பூச்சு அடித்தால் வருடக்கணக்கில் இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். அடிக்கலாமா? செலவு கூடாமல் செய்ய வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

நவம்பர் 29, இரவு

நகப்பூச்சு வேண்டவே வேண்டாம், தங்கச்சி. டொபியைக் கண்ட பிள்ளை அதை வாயில்தான் வைக்கும். "சாப்பிடக் கூடாது" என்று எழுதி ஒட்டினாலும், எழுத்துக் கூட்டத் தெரியாத வயதுதான் முதலில் கை நீட்டும். ஒளிவிழாவுக்குப் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கச்சிகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள், அத்தனை பேரையும் யார் பார்த்துக்கொண்டு நிற்பது?

மரத்தில் தொங்குகிற இனிப்பு தின்பதற்குத்தான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. வருடக்கணக்கில் வைத்திருக்க ஆசையென்றால் ரிபனை வைத்திருங்கள். டொபியைக் கொடுத்துவிடுங்கள்.

தாளை மட்டும் கழற்றாதீர்கள். இரண்டு பக்கமும் முறுக்கின தாளோடு வருகிற சாதாரண டொபி போதும். அந்த முறுக்குத்தான் ரிபன் கட்டுகிற இடம்.

நவம்பர் 30

"வீடியோவில் மட்டும் எப்படி ஒட்டாமல் நிற்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீனியையும் குளுக்கோஸ் பாகையும் ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வரை காய்ச்சித்தான் இந்தக் கெட்டி டொபி செய்கிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் அநேகமாக எல்லாம் போய்விடும். நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு மிஞ்சினால் பெரிது. ஆறும்போது சீனி படிகமாகாமல் கண்ணாடிபோல உறையும், குளுக்கோஸ் சேர்ப்பதும் அதற்காகத்தான். இப்படி உறைந்த சீனி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேல்தோல் முதலில் பாகாகும், பிறகு ஒட்டும், அதற்கும் பிறகு மங்கிப்போய் மணல் மணலாகும்.

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளில் எடுத்தவை. அங்கே டிசம்பரில் வெளிக்காற்றில் நீராவி குறைவு, அந்தக் காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்கும்போது அறை இன்னும் காய்ந்துபோகும். வெறும் மிட்டாய்த் தடி கிழமைக் கணக்கில் மொறுமொறுவென்று நிற்பது அதனால்தான். நமக்கு டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவக்காற்று. சுவர் வியர்க்கும், தோய்த்துப் போட்ட சாரம் நாலு நாளானாலும் காயாது. உப்புப் போத்தலில் உப்பே கசிகிற வீட்டில் டொபி மட்டும் காய்ந்திருக்குமா?

குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த டொபியை நம்முடைய காற்றில் வைத்த உடனே அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாகப் பூக்கும், இன்னும் சீக்கிரம் ஒட்டும். இறுக்கமான மூடி உள்ள பிஸ்கற் பேணி போதும். சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் மாத்திரைப் போத்தலுக்குள்ளும் வருகிற சின்னச் சின்ன ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை எறியாமல் வைத்திருந்தால் பேணிக்குள் போட்டு மூடுங்கள். டொபி வாங்குவதை ஒளிவிழாவுக்குக் கிட்டத் தள்ளிப்போடுங்கள். ரிபன் வேலையை இப்போதே தொடங்கலாம், அதற்கு மழை ஒரு பொருட்டில்லை.

டிசம்பர் 1

ரிபன் வாங்கும்போது.

காத்தான்குடிக் கடைகளில் யார் (கஜம்) கணக்கில் வெட்டித் தருவார்கள், முழு உருளையாகவும் எடுக்கலாம். ஒரு வகுப்புக்கு என்றால் உருளைதான் மலிவு. கால் அங்குல அகலம் டொபி கட்டுவதற்கு, அரை அங்குலம் பூவுக்கு. ஒரு அங்குலத்துக்கு மேற்பட்டதை வாசல் கதவுக்கு விடுங்கள், மரத்தில் அது டொபியை மறைத்துவிடும்.

சாட்டின் ரிபன் என்று விற்பதில் அநேகம் பொலியெஸ்டர். அது ஈரம் குடிக்காது, சாயமும் பெரும்பாலும் விடாது. வெட்டின நுனி நார் பிரியாமல் இருக்க மெழுகுதிரிச் சுடருக்குப் பக்கத்தில், சுடரில் படாமல், ஒரு நொடி காட்டினால் நுனி உருகி அடைத்துக்கொள்ளும். பருத்தி ரிபனென்றால் இது நடக்காது, எரியும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு சின்னத் துண்டைப் பெரியவர் யாராவது இடுக்கியில் பிடித்துப் பார்க்கட்டும். நெருப்பு வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அவர்கள் சாய்வாக வெட்டினாலே போதும், நார் பிரிவது நன்றாகக் குறையும்.

பரிசுப் பொதி கட்டுகிற பிளாஸ்ரிக் ரிபனும் எடுங்கள், விலை குறைவு. கத்தரிக்கோலின் ஒரு அலகைத் திறந்து பெருவிரலால் ரிபனை அதன்மேல் அழுத்தி ஒரே இழுவையாக இழுத்தால் சுருள் சுருளாக வரும். மெதுவாகவும் ஒரே சீராகவும் இழுத்தால் சுருள் நெருக்கமாக விழும். விட்டு விட்டு இழுத்தால் உடைந்து உடைந்து நிற்கும்.

கிரேப் கடதாசியை இந்த மாதம் தொடாதீர்கள். ஈரக்கை பட்டாலே சிவப்பு இறங்கும். ஒளிவிழாவில் வானதூதர் வேடம் போட்ட பிள்ளையின் வெள்ளை உடுப்பில் ஒட்டினால் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது?

டிசம்பர் 2

டொபி கட்டும் முறை.

கால் அங்குல ரிபனை எட்டு அங்குலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். டொபித் தாளின் ஒரு முறுக்கை மட்டும் இன்னும் இரண்டு சுற்று அதே திசையில் முறுக்கிவிடுங்கள், கழுத்து ஒடுங்கும். ரிபனை அந்தக் கழுத்தின் பின்னால் வைத்து முன்னே இரட்டை முடிச்சு. முழுப் பலத்தோடு இறுக்கினால் தாள் அறுந்து டொபி கீழே விழும். முடிச்சு நகராமல் நின்றால் போதும். மிஞ்சின இரண்டு நுனியையும் மேலே தூக்கி ஒன்றாக முடிந்தால் கொப்பில் மாட்டக் கண்ணி வந்துவிடும். மற்ற முறுக்கைத் தொட வேண்டாம், பிள்ளை இழுத்துத் திறக்கிற பக்கம் அது.

இதிலேயே மாலை கட்டலாம். ஒரு டொபியின் வாலையும் அடுத்த டொபியின் வாலையும் சேர்த்துப் பிடித்து ஒரே ரிபனால் முடிந்துகொண்டு போங்கள். பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஆளுக்கொரு முடிச்சு என்று கொடுத்தால் மாலை தானாக நீளும். முடிச்சு முடியத் தெரியாத குட்டிகள் நிறம் மாற்றி மாற்றி டொபி எடுத்துக் கொடுக்கட்டும்.

மிட்டாய்த் தடி கிடைத்தால், தாளோடு இரண்டை எடுத்து, வளைவு இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, மேலேயும் கீழேயும் ரிபனால் கட்டினால் இதயம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டிசம்பர் 2, கொஞ்சம் பிந்தி

ரிபன் ரோசாவை விட்டுவிட்டேனே. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

அரை அங்குல அகலச் சாட்டின் ரிபன் ஒரு யார் எடுத்து நடுவில் பிடியுங்கள். ஒரு பாதியை மற்றதன்மேல் செங்கோணமாக மடித்தால் "ட" எழுத்துப்போல நிற்கும். அடியில் இருக்கிற பட்டியை எடுத்து மூலையின்மேல் மடியுங்கள். அடுத்தது மற்றப் பட்டி. இப்படியே மாறி மாறி மடித்துக்கொண்டு போக விரல்களுக்கு நடுவில் ஒரு சின்னச் சதுர அடுக்கு உயர்ந்து வரும். இரண்டு அங்குலம் மிஞ்சும்போது நிறுத்தி, இரண்டு நுனியையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுக்கை விட்டுவிடுங்கள். படக்கென்று விரியும், பயப்பட வேண்டாம். இப்போது ஒரு நுனியை மட்டும் மெதுமெதுவாக இழுக்க அடுக்கு சுருங்கி இதழ் இதழாக உள்ளே திரும்பும். நடு அமிழ்ந்து ரோசாவின் கண் தெரிந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வெறும் ரிபனாகிவிடும். அடியில் ஊசியால் நாலு தையல் போட்டு, மிஞ்சின இரண்டு வாலையும் டொபியின் கழுத்தில் கட்டுங்கள்.

ஓலை பின்னத் தெரிந்த ஆச்சிமாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஒரு முறை பார்த்துவிட்டு, "இது குருத்தோலை மடிப்புத்தானே, மறுகா என்ன?" என்று அடுத்ததைத் தானே செய்து முடித்தார். உங்கள் பங்கிலும் அப்படி ஒருவர் இருப்பார். கூப்பிட்டு வகுப்பில் இருத்துங்கள்.

டிசம்பர் 4

ஓட்டமாவடியில் இருந்து ஒரு முஸ்லிம் சகோதரி கேட்கிறார்: கிறிஸ்தவச் சிநேகிதி ஒருத்தி வருடா வருடம் தன் மரத்திலிருந்து இவர் பிள்ளைகளுக்கு இனிப்பு எடுத்துத் தருவாளாம், எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?

மெதுவாக இழுபடுகிற ஜெலி மிட்டாயிலும் மார்ஷ்மலோவிலும் பெரும்பாலும் ஜெலற்றின் இருக்கும். அது மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, பன்றியாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். முஸ்லிம் வீட்டுக்கும் மாட்டிறைச்சி தொடாத இந்து வீட்டுக்கும் கொடுக்கிற எண்ணம் இருந்தால் பொதியைத் திருப்பிப் பார்த்து, ஹலால் முத்திரையோ தாவர வகையென்ற குறிப்போ உள்ளதை எடுங்கள். சாதாரணக் கெட்டி டொபி சீனி, குளுக்கோஸ், வாசனை, நிறம் என்று முடிந்துவிடும். ஆனாலும் வாசித்துவிட்டே வாங்குங்கள். நம்முடைய மாவட்டத்தில் ஒரு கூடை டொபி எத்தனை சமயத்து வீடுகளுக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கொடுக்கிற கை தயங்காமல் கொடுக்க வேண்டும், வாங்குகிற தாய் பிள்ளையின் கையிலிருந்து திருப்பி வாங்கக் கூடாது.

டிசம்பர் 5

இன்னொன்று. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் உருண்டைக் கெட்டி டொபியைக் கீழ்க்கொப்பில் கட்டாதீர்கள். நாலு ஐந்து வயதுக்குக் கீழே அது தொண்டையில் அடைக்கும் பொருள். அவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் ரிபன் ரோசா மட்டும் இருக்கட்டும். குண்டூசி, மெல்லிய கம்பி, பாசிமணி எதுவும் வேண்டாம். தையலும் முடிச்சும் போதும்.

டிசம்பர் 7

எறும்பு.

தாளோடு கட்டினாலும் வரும், தாளின் முறுக்கு வழியாக வாசனை போகும். அதனால் வழியை அடைக்க வேண்டும். முந்தி இறைச்சி, பால் வைக்கிற அலுமாரியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே ஏற்பாடுதான். மரம் நட்ட வாளியைப் பெரிய தட்டில் வைத்துத் தட்டில் தண்ணீர் விடுங்கள். இது நுளம்பு பெருகுகிற காலம், டெங்கும் இருக்கிறது. தண்ணீரில் உப்புப் போடுங்கள், தினமும் மாற்றுங்கள், தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காவிட்டால் நுளம்பு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சுவரிலும் திரைச்சீலையிலும் ஒரு கொப்புக்கூடப் படக் கூடாது.

இவ்வளவும் செய்தும் எறும்பு வருகிறது என்றால் மின்விளக்குச் சரத்தின் வயரைப் பாருங்கள். சுவரிலிருந்து மரத்துக்குப் போகிற பாலம் அது! ஒரு சாண் நீளத்துக்கு வயரின்மேல் வாஸ்லின் தடவினால் எறும்புக்குக் கால் பிடிக்காது. முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தடவுங்கள், பிளக்குக்குக் கிட்டத் தடவ வேண்டாம். இழை எரிகிற பழைய குமிழ்ச் சரமென்றால் பக்கத்தில் கட்டின டொபி சூட்டில் இளகும். எல்.இ.டி. சரத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

டிசம்பர் 9

விடுபட்ட கேள்விகளுக்கு ஒன்றாக.

மாவும் உப்பும் பிசைந்து காயவைத்து உருவம் செய்யலாமே என்கிறார் ஒருவர். செய்யலாம். உப்புத்தானே, மழைக்காலத்தில் அதுவும் ஈரம் வாங்கித் தொய்யும். நன்றாகச் சுட்டு எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசினால்தான் நிற்கும். பங்குனி சித்திரை வெயிலில் செய்து வைக்க வேண்டிய பொருள் அது.

கற்கண்டு தொங்கவிடலாமா? நல்ல யோசனை, எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. கற்கண்டு படிகம். கண்ணாடிபோல உறைந்த டொபியைவிடப் படிகமான சீனி ஈரத்தைத் தாமதமாகத்தான் வாங்கும். மெல்லிய வலைத்துணியில் ஒரு கட்டி வைத்து ரிபனால் வாயைக் கட்டினால் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். அடைமழை இரவில் அதுவும் கசியலாம், அதனால் உள்ளே ஒரு செலபேன் தாள் சுற்றுங்கள்.

வீட்டில் கிண்டுகிற பால் டொபி? அதுவும் படிகமாகி இறுகுவதுதான், கண்ணாடி டொபியைப் போல ஈரத்தை இழுக்காது. எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே நிறத் தாள் சுற்றி, இரண்டு நுனியையும் கத்தரிக்கோலால் தும்பு தும்பாக நறுக்கி ரிபன் கட்டினால் கடை டொபி எதுவும் கிட்ட வராது. முந்திரிப்பருப்பு விலையைப் பார்த்துவிட்டுக் கிண்டுங்கள்.

டிசம்பர் 11

"மிட்டாய்த் தடி இயேசுவின் முதல் எழுத்து, ஆங்கில ஜே, அதனால்தான் அந்த வடிவம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்ல அழகான கதை. ஆனால் அது பிற்காலத்தில் கட்டின விளக்கம். 1900க்கு முந்திய நத்தார் அட்டைகளில் தடி வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும், சிவப்புக் கோடு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் பரவியது. ஜேர்மனியின் கொலோன் பேராலயத்தில் 1670இல் பாடகர் குழுத் தலைவர் பிள்ளைகளை அமைதியாக இருத்த வளைத்துக் கொடுத்தார் என்ற கதைக்கும் அந்தக் காலத்துச் சான்று கிடையாது.

உண்மையான கதையில் ஒரு கத்தோலிக்கக் குருவே இருக்கிறார். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்து அல்பனி நகரில் பொப் மக்கோர்மக் என்பவர் மிட்டாய்த் தடி செய்து விற்றார். சூட்டோடு கையால் வளைக்கும்போது பெருந்தொகை உடைந்து வீணாகியது. அவருடைய மைத்துனர் கிரெகரி கெல்லர் என்ற குரு அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் அமைத்துக் காப்புரிமையும் பெற்றார். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள்.

மரத்தில் இனிப்புத் தொங்கவிடுவது தடியைவிடப் பழையது. 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் வீடுகளுக்குள் மரம் வைத்து, நிறக் கடதாசியில் வெட்டின ரோசா, அப்பிள், மெல்லிய அப்பம், பொன்தாள், இனிப்பு எல்லாம் தொங்கவிட்டார்கள் என்று ஒரு பயணக் குறிப்பு இருக்கிறது. ரோசாவும் இனிப்பும் அப்போதே ஒன்றாகத் தொங்கியிருக்கின்றன, பாருங்கள்!

சுவீடனில் ஜனவரி 13 அன்று மரத்தைக் "கொள்ளையடிப்பது" என்றே ஒரு வழக்கம். பிள்ளைகள் கூடிப் பாடி ஆடித் தொங்குகிற இனிப்பையெல்லாம் பறித்துத் தின்றுவிட்டு மரத்தை வெளியே எடுத்துப் போடுவார்கள். நகப்பூச்சைப் பற்றி நான் முதல் நாளே இவ்வளவு கடுமையாக எழுதியது வெறும் சுகாதாரத்துக்காக இல்லை. பறிக்கத்தான் கட்டுகிறோம். பறிக்க முடியாத டொபியைப் பிள்ளையின் கண்முன் தொங்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிசம்பர் 12

அதே விஷயம், இரண்டாவது யோசனை. "பெரிய கோவில் மரத்தின் உச்சிக்கு யார் ஏறிப் பறிப்பது? அங்கேயும் உண்மையான டொபி கட்டினால் வீண்தானே" என்று வாழைச்சேனைத் தங்கச்சி எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு. உச்சிக் கொப்புகளுக்குப் பொய் டொபி செய்யலாம். தின்ற டொபியின் தாள்களை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, உள்ளே சுருட்டின மட்டைத் துண்டோ போத்தல் மூடியோ வைத்து இரண்டு பக்கமும் முறுக்குங்கள். ஆனால் பொய் டொபிக்கெல்லாம் ஒரே நிற ரிபன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், உண்மையான டொபிக்குச் சிவப்பு. பிள்ளைகளுக்கு அதை முதலே சொல்லிவிடுங்கள். அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

டிசம்பர் 14

மரம் எது என்று கேட்டார்கள். பிளாஸ்ரிக் மரம் இருந்தால் சரி. சவுக்குக் கொப்புத்தான் வேண்டும் என்றால் வளவில் சவுக்கு வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். கடற்கரை ஓரத்துச் சவுக்கில் கை வைக்காதீர்கள், அது அலைக்கும் காற்றுக்கும் நிற்கிற மரம். வாளியில் ஈர மணல் இறுக்கி நடுங்கள். சவுக்கின் நுனி மெல்லியது, ஒரு டொபிக்கே தலை குனியும். தண்டுக்குக் கிட்ட டொபி, நுனியில் சுருள் ரிபன். டொபி மாலையைக் கொப்பில் போடாமல் தண்டைச் சுற்றி இறக்கிவிட்டால் பாரம் தெரியாது.

டிசம்பர் 17

மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் டொபி மரத்தில் இருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மரமும் குடிலும் ஜனவரி வரை இருப்பது வழக்கம். டொபியைப் பற்றி என் எண்ணம் வேறு.

இந்தக் கரையில் நத்தாருக்கு அடுத்த நாள் என்னவென்று வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும், நமக்கு வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாவலடியிலும் டச்பாரிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் கடல் உள்ளே வந்தபோது பல வீடுகளில் நட்சத்திரம் வாசலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல் நாள் புது உடுப்புப் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர். வருடா வருடம் 26ஆம் திகதி காலையில் அந்தக் கரைகளில் சுடர் ஏற்றுகிறோம். கிறிஸ்தவர், இந்து என்று அங்கே பிரிவில்லை.

எங்கள் வீட்டில் 25 இரவுக்குள் டொபி எல்லாம் இறங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் பறித்துக் கூடையில் போட்டு, வேலிக்கு அங்கால் இருக்கிற வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். மரம் நிற்கும், ரிபன் ரோசாக்கள் நிற்கும், மறுநாள் மட்டும் விளக்குச் சரத்தை ஏற்றமாட்டோம். இதை யாருக்கும் சட்டமாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அப்படித்தான் மனம் வருகிறது.

ஈரக்காற்றுக்கும் அதுதான் பொருத்தம். 24 மாலை கட்டி 25 இரவு பறித்தால் டொபி ஒட்டுவதற்கு நேரமே இல்லை. உங்கள் ஒளிவிழா முந்தியே நடக்கிறதென்றால் அன்று காலையில் கட்டி, விழா முடிந்ததும் வாசலில் நின்று ஆளுக்கொன்றாகப் பறித்துக் கொடுங்கள்.

டிசம்பர் 19

இல்லை, ஆளுக்கொன்று போதாது. வராத பிள்ளைகளுக்கும், வாத்தியம் வாசிக்கிற அண்ணன்மாருக்கும், கோவிலைக் கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கும் எண்ணி வையுங்கள். தலைக்கு இரண்டென்று வாங்கினால் சரியாக வரும்.

டிசம்பர் 22

தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறார். மழை கொட்டினதால் விழாவை மண்டபத்துக்குள் மாற்றினார்களாம். மரத்தைப் பார்த்தேன். டொபி மாலை சுற்றிச் சுற்றி இறங்கியிருக்கிறது, ரோசாக்களில் சில இறுக்கமாக, சில தளர்ந்து, ஒன்று முக்கால்வாசி உருவுப்பட்டு வாலாகத் தொங்குகிறது. அதை மாற்றாமல் விட்டது மிக நல்லது. அதைச் செய்த பிள்ளை தன்னுடையதை எங்கே நின்றாலும் கண்டுபிடிக்கும்.

எறும்பு வரவில்லையாம். வாஸ்லின் வேலை செய்திருக்கிறது.

சுவாமி கடைசி டொபியைத் தானே பறித்தாராம், வெள்ளி ரிபன் என்று தெரியாமல். திறந்தால் போத்தல் மூடி! பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடுத்த நத்தார் வரை காணும்.

ஜனவரி 7

ரிபன்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், எறிய வேண்டாம். இனிப்புப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து ஊறவிட்டு அலசி, துவாயில் வைத்து ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். மேலே பருத்தித் துணி விரித்து ஆகக் குறைந்த சூட்டில் ஸ்திரிக்கை போடலாம். நேரடியாக வைத்தால் பொலியெஸ்டர் சுருங்கிவிடும். மடித்து வைத்தால் மடிப்புத் தழும்பு விழும், அட்டைக் குழாயில் சுற்றி வையுங்கள். ரோசாக்களைப் பிரிக்காமல் முட்டைத் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பேணிக்குள் மூடி வைத்தால் இதழ் நசுங்காது. நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள், தை மாத மழை இன்னும் விட்டபாடில்லை.